ரெயின்கோட் போட்ட சார்ஜர்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா அவர்களுக்கு, தங்கள் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, பன்னிரண்டு அறைகள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைவரும் இந்த நிமிடம் வரை சுகம். அங்கு தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்தே ஆக வேண்டும். நம் குடும்பத்தில் ஒருவருக்காவது நெஞ்சு ஒரே சீராக அடித்துக்கொள்வது இப்போது மிகவும் அவசியமாக இருக்கிறது.

தாங்கள் என்று எழுதியதைப் பார்த்து நீ சிரிப்பாய் என்று தெரியும். விஷயம் பெரியது என்பதால் தாங்களில் ஆரம்பித்தேன். கடைசிவரை தாங்காது, இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் "அக்கா, கரண்ட்டு" என்று வாயைத் திறந்ததுமே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாய். உன் சிரிப்பைக் கேட்டால் எனக்கும் சிரிப்பு வந்து, சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. கடிதத்தில் நீ எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள், எனக்குக் கேட்காது. விஷயம் இதுதான். நம் ஓட்டல் வாசலில், கார் நிறுத்தும் இடத்தில் மாட்டியிருக்கிறோமே மின்சார வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி, அதைக் கழற்றிவிட எனக்கு உன் அனுமதி வேண்டும். அதற்கு மனசு வரவில்லை என்றால் என்னைக் கழற்றிவிடு.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். போன முறை நீ வந்திருந்தபோது ரிசப்ஷனில் இரண்டு நாள் உட்கார்ந்தாய். அந்த இரண்டு நாளில் மூன்று வண்டிகள் வந்து, "சார்ஜ் போட வசதி இருக்குங்களா?" என்று கேட்டு, நான் "இல்லீங்க" என்று சொன்னதும் அப்படியே திருப்பிக்கொண்டு போயின. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நான் அவர்களுக்கு வழிகூடச் சொல்லி அனுப்பினேன். நீதான் என்னை ஒரு பார்வை பார்த்தாய். "அப்பா லிஃப்ட் வைக்கறேன்னப்பவும் நீ மூணு நாள் சாப்பிடல. இப்ப அந்த லிஃப்ட் இல்லாம யாராவது மேல போறாங்களா?" என்று கேட்டாய். நான் படியேறித்தான் போகிறேன் என்பதை அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். சின்ன வயதில் வீட்டில் பல்பு மாற்றுவது நீ, நாற்காலியைப் பிடித்துக்கொள்வது நான். அதையும் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பேன். நீ பாதியில் கையை உதறி "ஆ" என்று விளையாட்டுக்குக் கத்தினாய் பார், அன்றிலிருந்து எனக்குச் சுவிட்சைத் தட்டும்போதுகூட ஒரு கண் தானாக மூடிக்கொள்கிறது.

நீ ஊருக்குப் போன பிறகு இதை அப்படியே ஆறப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அடுத்த வாரமே ஏழாம் நம்பர் அறைக்கு ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடி ஃபிரேம் விற்கிறவர், நல்ல மரியாதையான மனிதர். மரியாதையானவர் என்பதால் என்னிடம் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து, குளியலறையில் கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அங்கிருந்து ஒரு நீள ஒயரை எடுத்து, காற்றுப் போகிற சின்ன ஜன்னல் வழியாகக் கீழே இறக்கி வண்டிக்குக் கொடுத்துவிட்டார். மிச்ச ஒயரை அழகாகச் சுருட்டிப் பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்திருந்தார். ஒரு மணி நேரத்தில் மாடி முழுக்கச் செருப்பு எரிகிற வாசனை. நான் முதலில் சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன், சமையல்காரம்மா "இது என்னுது இல்லீங்க" என்று ஒதுங்கிவிட்டார். மேலே போனால், சுருட்டிய ஒயர் உருகி வாளியும் ஒயரும் ஒன்றாகி, அதிலிருந்து புகை. என் மனைவி ஓடிப்போய் மெயினை அணைத்தாள். நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. நான் சத்தம் போட்டேன். யாராவது ஒருவர் அதையும் செய்ய வேண்டுமே.

அன்று சாயங்காலம் இவள் என்னை உட்கார வைத்து நிதானமாகக் கேட்டாள். "பயமா இருக்குன்னுதானே அந்தப் பெட்டி வேணாங்கறீங்க? பெட்டி இல்லேன்னா இப்படித்தான் ஆளாளுக்கு ஜன்னல் வழியா ஒயரை விடுவாங்க. பன்னிரண்டு ரூமுக்கும் நீங்க காவல் நிக்க முடியுமா?" என்றாள். பன்னிரண்டு வாளியை மனசுக்குள் பார்த்தேன். அடுத்த நிமிடமே சம்மதித்துவிட்டேன். ஆக, இந்தப் பெட்டி நம் வாசலுக்கு வந்ததே என் தைரியத்தால் இல்லை, என் பயத்தால்தான். இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவரை இங்கே எல்லோரும் 'பாத்துக்கலாம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் வாயில் எந்தக் கேள்விக்கும் வருகிற பதில் அது. நல்ல வேலைக்காரர் என்று ஊரே சொல்கிறது. ஆனால் என்னைப் போன்ற ஒருவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மாடிப்படிக்குக் கீழே, படுக்கை விரிப்பு அடுக்குகிற அறைக்குள் இருக்கிற மெயின் போர்டைத் திறந்தார். டார்ச் அடித்து ஐந்து நிமிடம் பார்த்தார். "சார், இந்த போர்டு எப்ப மாட்டினது?" என்றார். "எங்கப்பா காலத்துல" என்றேன். "அதானே பார்த்தேன்" என்றார். "என்ன பார்த்தீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, பாத்துக்கலாம்" என்றார். பிறகு விளக்கினார். காலையில் பன்னிரண்டு கீசரும் ஒரே நேரத்தில் ஓடும், லிஃப்ட் ஓடும், துணி துவைக்கிற மெஷின் ஓடும், அதோடு ஒரு காரும் சேர்ந்து குடித்தால் இந்த லைன் தாங்காது என்றார். "தாங்காதுன்னா என்ன ஆகும்?" "சூடாகும்." "சூடானா?" "அதெல்லாம் ஆக விடமாட்டோம் சார், பாத்துக்கலாம்." அதனால் தெருக் கம்பத்திலிருந்து தனி லைன், தனி மீட்டர், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச், அப்புறம் செப்புக் கம்பியை மண்ணுக்குள் இறக்க ஒரு எர்த் குழி. மின்வாரிய ஆபீசில் கொடுக்கிற விண்ணப்பத்தில் 'இணைப்பு எதற்காக' என்று ஒரு கட்டம் இருந்தது. 'வேறு வழி இல்லாததால்' என்று எழுதினேன். அங்கே இருந்த அம்மா அதை அடித்துவிட்டு, "வண்டி சார்ஜ் போடன்னு எழுதுங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

எர்த் குழி தோண்டிய கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இவள் உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். சுற்றுச்சுவர் ஓரம், பூந்தொட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தோண்டினார்கள். தோண்டுகிறவர் இடுப்பளவு இறங்கியதும் தலையைத் தூக்கி, "இந்தப் பக்கம் தண்ணிக் குழாய் எதுவும் போகுதுங்களா?" என்றார். என் வாழ்க்கையில் நான் உறுதியாகப் பேசியது மிகக் குறைவு, அதில் இது ஒன்று. "இல்லவே இல்ல, அது அந்தப் பக்கம்" என்றேன். அடுத்த போடு போட்டார். தண்ணீர் முதல் மாடி ஜன்னல்வரை எழும்பிக் கொட்டியது. அந்தத் தண்ணீருக்கு நடுவில் செப்புக் கம்பி, செப்புக் கம்பிக்குப் பக்கத்தில் பாத்துக்கலாம், அவர் காலில் தேய்ந்துபோன செருப்பு.  "கரண்டை நிறுத்துங்க, கரண்டை நிறுத்துங்க" என்று கத்தினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு இன்னும் கரண்ட்டே குடுக்கல சார்" என்றார். அது என் காதில் ஏறவில்லை. கரண்டை நிறுத்தச் சமையலறை மரக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அந்தக் கரண்டியாலேயே மெயின் சுவிட்சைத் தட்டிக் கீழே தள்ளினேன். மொத்த ஓட்டலும் அணைந்தது. லிஃப்ட்டும் அணைந்தது. லிஃப்ட்டுக்குள் நம் சலவைக்காரர் இரண்டு கூடைத் துணியோடு முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டார். இருபது நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தார். அன்றிலிருந்து கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறித்தான் போகிறார். படியில் நாங்கள் இரண்டு பேரும் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போகிறோம்.

குழாயை ஒட்டி, குழியை வேறு இடத்தில் தோண்டி, எப்படியோ பெட்டியை மாட்டினார்கள். பார்ப்பதற்குச் சின்னதுதான், தபால் பெட்டி அளவு இருக்கும், பக்கத்தில் தடித்த கறுப்பு ஒயர் சுருண்டு தொங்கும். சோதனை செய்ய மின்வாரியத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். ஏதோ கருவியை வைத்து அளந்தார்கள். ஒரு பட்டனை அமுக்கினார்கள், சுவிட்ச் டப்பென்று விழுந்தது. நான் பூந்தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். "பயப்படாதீங்க. எங்கயாவது கரண்ட் கசிஞ்சா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இது கட் பண்ணிடும்" என்றார்கள். "மூடின கண்ணைத் திறப்போமா மேடம்?" என்று கேட்டேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு பாதுகாப்பு விஷயங்களை நானே கையில் எடுத்துக்கொண்டேன். நான்கு வாளியில் மணல் நிரப்பி வைத்தேன். பெட்டிக்குக் கீழே ரப்பர் பாய் விரித்தேன். யாருக்காவது கரண்ட் பிடித்துக்கொண்டால் கையால் தொடக்கூடாது, காய்ந்த மரத்தால் தள்ளிவிட வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால், துணி காயப்போடுகிற நீளக் கம்பை எடுத்துவந்து சுவரில் சாய்த்து வைத்தேன். ஒரு பலகையில் எட்டு விதிகள் எழுதி மாட்டினேன். அதில் ஐந்தாவது விதி, 'சார்ஜ் ஏறும்போது வண்டியைத் தனியாக விட்டுச் செல்ல வேண்டாம், யாராவது ஒருவர் கூடவே இருக்கவும்.' இவள் படித்துப் பார்த்துவிட்டு, "ஏன், அது அழுமா?" என்று கேட்டாள். மழைக்காலம் வேறு வந்துவிட்டது. மழை பட்டால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, வெளியில் வைப்பதற்கென்றே செய்தது என்று பாத்துக்கலாம் சொல்லித்தான் இருந்தார். இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. என்னுடைய ரெயின்கோட்டை எடுத்துப்போய் அதற்குப் போட்டு, கழுத்துவரை பட்டனும் போட்டு, அதன் தொப்பியையும் இழுத்து மூடினேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு குட்டை ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் நம்பர் அறைக்காரர் இரண்டு நாள் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு, பதில் வரவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

பதினோரு நாள் ஒரு மின்சார வண்டியும் வரவில்லை. அந்தப் பதினோரு நாளும் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று உனக்குச் சொல்லி முடியாது.

பன்னிரண்டாவது நாள், அதாவது இந்த வாரப் புதன்கிழமை, மத்தியானம் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஒரு வண்டி வந்து நின்றது. சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி, கூட ஒன்பது மாசத்தில் இரட்டைக் குழந்தைகள், ரெண்டும் பொண்ணு. வண்டியை விட்டு இறங்கும்போதே ரெண்டும் அழுகை. ஒண்ணு மூச்சு வாங்கற நேரத்துல இன்னொண்ணு ஆரம்பிக்கும், ஷிஃப்ட் போட்ட மாதிரி. அவர் ரெயின்கோட்டை ஓரமாத் தூக்கி, ஒயரை எடுத்து, தானே வண்டியில மாட்டினார். நான் ரிசப்ஷன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். ரெயின்கோட் கழுத்து வழியாப் பச்சை லைட் தெரிஞ்சுது. ஒண்ணும் வெடிக்கல. முதல் மாடியில, வாசலைப் பார்த்த நாலாம் நம்பர் அறையைக் கொடுத்தேன், மேல போனாங்க. இவள் காய்கறி வாங்கக் கிளம்பினாள். "நான் வர்ற வரைக்கும் அதுகிட்ட போகாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரு மணி நேரம் கழிச்சு எட்டிப் பார்த்தேன் அக்கா. பச்சை லைட் இல்ல. சிவப்பு. வண்டியோட டிரைவர் பக்கக் கதவு பாதி திறந்திருக்கு. உள்ள சீட்டுல அந்தத் தம்பி மல்லாந்து கிடக்கறார். வாய் திறந்திருக்கு. ஒரு கை வெளிய தொங்குது, ஒரு கால் ஈரத் தரையில கிடக்குது. கரண்ட் பிடிச்சிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். வாசப்படியில நின்னு "சார்" என்று கூப்பிட்டேன். அசைவே இல்ல. இன்னும் கொஞ்சம் சத்தமா, "சார், ரூம் ரெடியா இருக்கு" என்றேன். ரூமுக்குப் போயிட்டு வந்த மனுஷன்கிட்ட எதுக்கு அதைச் சொன்னேன்னு எனக்கே தெரியல, வாயில வந்தது அதுதான். பாத்துக்கலாமுக்குப் போன் போட்டேன். "வேலையில இருக்கேன் சார், வந்து பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. அந்த நேரத்தில என் கால் ரெண்டும் ஓட்டலுக்குள்ளதான் திரும்பிச்சு. சமையலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கலாம், யாராவது வந்து பார்க்கட்டும், எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லிடலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். ரெண்டு அடி எடுத்தும் வச்சேன். அப்பதான் மேல நாலாம் நம்பர்ல இருந்து சத்தம் வந்தது. அந்த ரெண்டு குழந்தையும் அழறதும், அந்தப் பொண்ணு "இதோ அப்பா வந்துடுவாரு, இதோ அப்பா வந்துடுவாரு" என்று சமாதானம் சொல்றதும். அதைக் கேட்டுட்டு என்னால உள்ள போக முடியல அக்கா.

சமையல்காரம்மா பாத்திரம் கழுவற ரப்பர் கையுறையை மாட்டினேன். செருப்புக்கு மேல குளியலறைச் செருப்பையும் மாட்டினேன். ரப்பர் பாயைத் தரையில இழுத்து இழுத்து, அது மேலயே ஒவ்வொரு அடியா நடந்து போனேன். கம்பைக் கையில எடுத்தேன். ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டு, அந்தத் தம்பியை வண்டியில இருந்து பிரிக்கறதுக்காகத் தோள்ல ஓங்கித் தள்ளினேன். தள்ளினேன்னு நான் சொல்றேன், அவர் அடின்னு சொல்றார். "ஐயோ அம்மா" என்று எழுந்தவர் கூரையில போய் முட்டிக்கிட்டார்.

"யாருங்க நீங்க?" என்றார்.

"ஓட்டல்காரன்" என்றேன்.

"எதுக்குங்க அடிக்கறீங்க?"

"தம்பி, நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இவ்வளவு நேரம் நல்லாத்தான் இருந்தேன்" என்றார், தோளைத் தேய்ச்சுக்கிட்டே.

கம்பு தானாக் கையை விட்டு நழுவிடுச்சு. மணல் வாளி மேலேயே உட்கார்ந்துட்டேன். எனக்கு அழுகை வந்துடுச்சு. நாற்பத்தெட்டு வயசுல, கையில மஞ்சள் கையுறையோட, தூறல்ல உட்கார்ந்து அழுதேன். அடி வாங்கின மனுஷன் இறங்கி வந்து, என் முதுகைத் தட்டி, "விடுங்க சார், ஒண்ணும் ஆகல, விடுங்க" என்று எனக்குச் சமாதானம் சொல்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "குழந்தைங்க பொறந்ததுல இருந்து நான் சேர்ந்தாப்பல ஒரு மணி நேரம் தூங்கினதே இல்ல சார். உங்க போர்டுல யாராவது கூடவே இருக்கணும்னு போட்டிருந்தீங்களா, விதி இருக்கு, நான் போய் வண்டி கூட இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன். படுத்ததுதான் தெரியும். ரொம்ப நல்ல விதி சார் அது. நான் தூங்கினதை மட்டும் மேல சொல்லிடாதீங்க" என்றார். மேலே ஜன்னலில் அந்தப் பொண்ணு இடுப்புக்கு ஒரு குழந்தையாக வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "அவர் சொல்ல வேணாம், நான் முதல்ல இருந்தே பார்த்துட்டுதான் இருக்கேன்" என்றாள். அடி விழுந்தபோது அவள் ஏன் சத்தம் போடவில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஒரு மணி நேரம் கழித்துப் பாத்துக்கலாம் வந்தார். இவளும் காய்கறியோடு வந்து நின்றாள். அவர் ரெயின்கோட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பட்டனாக, நோயாளிக்கு அவிழ்ப்பது போல அவிழ்த்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "யார் சார் இதுக்குச் சட்டை போட்டது?" என்றார். "நான்தான்" என்றேன். "இது வேலை செய்யறப்ப கொஞ்சம் சூடாகும் சார், அந்தச் சூடு வெளிய போகணும். நீங்க போர்த்தி விட்டதுல போக வழியில்ல. அதான் தானா நின்னு சிவப்பைக் காட்டியிருக்கு. பெட்டி மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அரை மணியில் ஆறிப்போய் மறுபடியும் பச்சை எரிந்தது.  இவள் ரெயின்கோட்டை வாங்கி உதறி, மடித்து, என் கையில் கொடுத்தாள். அது இஸ்திரி போட்ட மாதிரி கதகதவென்று இருந்தது.

பெட்டி மேல தப்பு இல்லை என்றால் நான் சந்தோஷப்பட வேண்டும் என்று இவள் சொல்கிறாள். நீயும் அதையேதான் சொல்வாய். அங்கேதான் அக்கா எனக்குப் பயம். தப்பு பெட்டியிடம் இருந்தால் வேறு பெட்டி வாங்கிவிடலாம். தப்பு என்னிடம் இருக்கிறது. ஒழுங்காக வேலை செய்கிற ஒன்றை நான் பயந்து பயந்து போர்த்தி, நானே சூடாக்கி, கடைசியில் தூங்குகிற ஒரு தகப்பனைக் கம்பால் அடித்திருக்கிறேன். அடி தோளில் விழுந்தது, தலையில் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தவனுக்கு அது தெரிந்தா நடந்தது? இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் அந்தத் தொங்கின கைதான் தெரிகிறது. ஆகையால் உன்னைக் கேட்டுக்கொள்வது, ஒன்று பெட்டியை எடுத்துவிடுவோம், இல்லையென்றால் ஓட்டலை இவள் பொறுப்பில் விட்டுவிடு. நான் பின்பக்கம் விரிப்பு மடிப்பது, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று இருந்துவிடுகிறேன். பாத்துக்கலாமிடம் சனிக்கிழமை வந்து கழற்றச் சொல்லியும் விட்டேன். உன் சம்மதம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் இருவரும் ஈரக்கையோடு எந்தச் சுவிட்சையும் தொடாமல், நல்ல படிப்பும் தடித்த ரப்பர் செருப்புமாகப் பல்லாண்டு வாழ இந்த மாமனின் ஆசிகள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பல்பு மாற்றும்போது யாரையாவது நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
இத்தனை வருஷத்தில் உன் பேச்சை ஒரு தடவையும் மீறாத, இந்த ஒரு தடவை மீறப் பார்க்கிற,
உன் தம்பி.

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. கவரில் போட்டு ஒட்டப் போன கடிதத்தை மறுபடி எடுத்து எழுதுகிறேன். அந்த இரட்டைக் குழந்தைக் குடும்பம் இன்னும் கிளம்பவில்லை. தூக்கம் நன்றாக வருகிறது என்று இரண்டு நாள் கூட இருந்தார்கள். இன்று காலை பத்து மணிக்குத் தெரு மூலை டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, சரிசெய்ய மத்தியானம் ஆகும் என்றார்கள். நம் இன்வர்ட்டர் பேட்டரி போன மாதமே செத்துவிட்டது, உனக்குச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள். அந்த நேரம் பார்த்துக் குழந்தைகளில் சின்னவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. அடிக்கடி வருமாம், மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற மெஷினைக் கூடவே வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். குழந்தையின் நெஞ்சு உள்ளே போய்ப் போய் வருகிறது. நான் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன். அந்தத் தம்பி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே வண்டிக்கு ஓடினார். வண்டிக்குள்ளேயே ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறதாம், அதிலிருந்து வீட்டுக் கரண்ட் மாதிரியே எடுக்கலாமாம். குழந்தையை அவர் பிடித்திருக்கிறார், மெஷினின் மூடியைக் குழந்தையின் முகத்தில் அந்தப் பொண்ணு பிடித்திருக்கிறாள், பெரியவள் இவள் இடுப்பில் இருக்கிறாள். "சார், அந்தப் பிளக்கைச் சொருகுங்க" என்றார் என்னைப் பார்த்து. சொருகினேன் அக்கா. வெறுங்கையால். சுவிட்சையும் நானே தட்டினேன். மெஷின் ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் அவள் மூச்சு அடங்கி, என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். அந்த வண்டியில் இருந்தது முழுக்க நம் பெட்டி ஏற்றிக் கொடுத்த கரண்ட். அதனால் மேலே எழுதியிருப்பதில் உடம்பைப் பார்த்துக்கொள் என்பதைத் தவிர மற்றதையெல்லாம் விட்டுவிடு. சனிக்கிழமை வர வேண்டாம் என்று எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிட்டேன். பெட்டி இருக்கட்டும், நானும் இருக்கிறேன். வேறு கடிதம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது, அதனால் இதையே அனுப்புகிறேன்.